ஆறுமுகம் சகோதரர்களை மறுபடியும் கேட்பது

இளமையில் நம்மை ஆட்கொண்ட பாட்டுக்குழுவைப் பற்றிப் பேசு என்று சொன்னால், உலகின் பல நகரங்களில் பேச்சு பீட்டில்ஸிலோ ரோலிங் ஸ்டோன்ஸிலோ குயீனிலோ தொடங்கும். ஜார்ஜ்டவுனில், அதுவும் தமிழில் பேசும்போது, அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. இந்தத் தீவிலேயே உருவான குழு ஒன்று நமக்கு இருக்கிறது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரண்டு தமிழ்ச் சகோதரர்கள் முன்னின்று பாடிய அலிகேட்ஸ் குழு அது. அறுபதுகளின் இறுதியில் பினாங்கில் தொடங்கி, எழுபதுகளில் ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்து, அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் மலாய் இசைத்தட்டுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். எண்பதுகளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் குரல் ஒலிக்காத வீடு குறைவு. லோகநாதன் 2007 ஜூன் மாதம் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். அண்ணன் டேவிட், இன்றைய டத்தோ டேவிட், தம்பி இல்லாத மேடையிலும் அந்தப் பாடல்களைத் தொடர்ந்து பாடினார். 'ஹிங்கா அக்கிர் நந்தி', 'செனியும்லா கோலாலம்பூர்' என்று பெயரைச் சொன்னாலே போதும், இந்த அவையில் பலருக்கு மெட்டு தானாக ஓடத் தொடங்கிவிடும்.

இந்தக் குழுவைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சு உண்டு. ஒன்று மேடைப் பேச்சு. தேசிய தினம் நெருங்கும்போது, பல இனத்தாரும் இணைந்து வாழ்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டால், மலாயில் பாடிய இந்த இரண்டு இந்தியர்களின் பெயர் உடனே வரும். இன்னொன்று வீட்டுப் பேச்சு. 'நம்ம பிள்ளைங்கதான், நல்லாத்தான் பாடினாங்க, ஆனா அது நம்ம பாட்டு இல்லையே' என்பார்கள். மேடைப் பேச்சு அவர்களைச் சின்னமாக்குகிறது. வீட்டுப் பேச்சு அவர்களை வாசலோடு நிறுத்திவிடுகிறது. பாட்டைக் கேட்கும் வேலை இரண்டிலும் நடப்பதில்லை. நான் இன்று வாதிட விரும்புவது இதைத்தான்: ஆறுமுகம் சகோதரர்களின் பாட்டு மலேசியத் தமிழர் கலை வரலாற்றின் நடுவில் வைக்கத்தக்கது. காதல் பாட்டு என்பது ஒரு மொழியின் மிக நெருக்கமான உள்ளறை. தங்கள் முகத்தையும் பெயரையும் மறைக்காமல், நாட்டின் பொதுமொழியின் அந்த உள்ளறைக்குள் நடந்துபோய், அங்கே உரிமையோடு உட்கார்ந்தவர்கள் அவர்கள். அந்த உரிமையை அவர்களுக்குப் பெற்றுத்தந்தது இந்தத் துறைமுக நகரத்தில் கற்ற தொழில். யாரும் சலுகையாகக் கொடுத்தது இல்லை.

தொழில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பினாங்கில் பாட்டு என்பது நெடுங்காலமாக ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்த சரக்கு. பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே உருவெடுத்ததுதான் பங்சாவான் நாடகம். மதராஸ் படைப்பிரிவின் முஸ்லிம் வீரர்களோடு வந்ததாகச் சொல்லப்படும் போரியா, இன்றைக்கு மலாய்க் கலையாகவே அறியப்படுகிறது. மலாய்த் திரையின் மாபெரும் கலைஞர் பி. ரம்லி 1929இல் பிறந்தது இந்த ஊரில். அவருக்கு முதன்முதலாகக் கதாநாயக வேடம் கொடுத்த 'பக்தி' என்ற 1950ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். சாக்ஸபோன் கலைஞரும் இசையமைப்பாளருமான அகமது நவாப்பும் பினாங்கு தந்தவர்தான். இந்த வரிசையை வைத்துப் பார்த்தால், இரண்டு தமிழ் இளைஞர்கள் மலாயில் பாடத் தொடங்கியது திடீரென்று நிகழ்ந்த அதிசயமாகத் தெரியாது. இந்த ஊர் நூறாண்டாகச் செய்துவந்த காரியத்தின் அடுத்த கட்டமாகவே தெரியும்.

அவர்கள் வளர்ந்த காலத்து ஜார்ஜ்டவுனில் மேற்கத்திய இசை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். வானொலியும் ரீடிஃபியூஷன் பெட்டியும் இருந்தன. அது பொதுவான வழி. இங்கே வேறு வழிகளும் இருந்தன. பட்டர்வொர்த் வான்படைத் தளம் 1988 வரை ஆஸ்திரேலிய வான்படையின் பொறுப்பில் இருந்தது. அங்கே பணியாற்றியவர்களின் குடும்பங்கள் பல தீவுப் பக்கம் குடியிருந்தன. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் சில நாள் ஓய்வுக்காக அனுப்பப்பட்ட ஊர்களில் பினாங்கும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்கு மாலையில் பாட்டு வேண்டும், ஆட்டம் வேண்டும், தங்கள் ஊரில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பாட்டே வேண்டும். அதை வாசித்துக் காட்டத் தெரிந்த உள்ளூர்க் குழுவுக்கு வேலை கிடைக்கும். அறுபதுகளின் இறுதியில் அமெரிக்காவின் கறுப்பின மக்களுடைய சோல் இசை உச்சத்தில் இருந்தது. அலிகேட்ஸின் காதில் அது ஆழமாக இறங்கியதற்கு இந்தச் சூழல் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. வணிகம் சுருங்கியது, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை 1972இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊரைவிட்டுப் போய்ப் பிழைத்த இளைஞர்கள் ஏராளம். இசைக்காரர்களுக்கு அப்படிப் போகும் ஊர்களில் ஒன்றாக ஹாங்காங் இருந்தது.

ஹாங்காங் வருடங்களைப் பற்றிப் பேசும்போது, 'மற்றவர்கள் பாட்டைத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தார்கள்' என்று சிலர் தாழ்த்திச் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பீட்டில்ஸ் 1960க்கும் 1962க்கும் இடையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் இதே வேலையைத்தான் செய்தார்கள். இரவு முழுக்க, மணிக்கணக்கில், குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவே, அடுத்தவர் பாடல்களை வாசித்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் வந்த பீட்டில்ஸ் இல்லை என்பதை அவர்களுடைய வரலாற்றை எழுதிய எவரும் மறுப்பதில்லை. விடுதியில் வாசிக்கும் குழு சிலவற்றைக் கற்றே ஆகவேண்டும். கேட்க மனமில்லாதவரைத் திரும்பிப் பார்க்கவைக்க வேண்டும். குரல் உடையாமல் மூன்று நான்கு சுற்று தாங்க வேண்டும். ஒருவர் களைத்தால் இன்னொருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு முன்னணிப் பாடகர்கள் உள்ள குழுவுக்கு இந்தக் கடைசிப் பாடம் மிக முக்கியம். அலிகேட்ஸ் தட்டுகளைக் கேட்கும்போது, இரண்டு குரல்களில் ஒன்று மற்றதை முந்தப் பார்ப்பதே இல்லை என்பது தெரியும். அடுத்தவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று அறிந்த நெருக்கம் அதில் கேட்கிறது. உடன்பிறந்தவர்கள் என்பது ஒரு காரணம்; ஆண்டுக்கணக்கில் ஒரே மேடையில் நின்றது அதைவிடப் பெரிய காரணம்.

இனி அந்தப் பாட்டுமுறையைச் சற்று நிதானமாகக் கவனிப்போம். மலாயின் பழைய அஸ்லி பாட்டில் குரல் நெளிந்து நெளிந்து போகும். ஒவ்வொரு சொல்லின் விளிம்பிலும் சிறு அலங்காரம் இருக்கும். பி. ரம்லியின் மெல்லிசையில் அந்த நெளிவின் நிழல் உண்டு. அலிகேட்ஸ் பாடல்களில் குரல் பெரும்பாலும் நேர்கோட்டில் வருகிறது. அலங்காரத்தைக் குறைத்து, சொல்லை நீட்டி, நீட்டிய இடத்தில் குரலைக் கொஞ்சம் கரகரக்கவிட்டு, உணர்ச்சியை அந்தக் கரகரப்பில் வைக்கிறார்கள். சோல் பாடகர்களிடம் கற்ற உத்தி இது. மலாய்க் காதல் பாட்டுக்கு அது புதிய உடம்பைக் கொடுத்தது. உச்சரிப்பும் அப்படித்தான். மலாய்ப் பாட்டில் சொல்லின் கடைசியில் வரும் அகரத்தை வாய் திறந்து முழுமையாகப் பாடுவது மரபு. தெற்கத்திய மலாய்ப் பேச்சில் அது அடங்கி ஒலிக்கும். பினாங்கிலும் கெடாவிலும் பேச்சிலேயே திறந்துதான் ஒலிக்கும். பினாங்குக்காரருக்கு அந்தப் பாட்டுமரபு நாவுக்குப் பழகியது. அவர்கள் மலாயில் பாடும்போது வேற்றுமொழிக்காரர் மனப்பாடம் செய்த சாயல் இல்லாததற்கு இது ஒரு சிறிய காரணமாக இருக்கலாம். பெரிய காரணம், தெருவில் பேசி வளர்ந்த மலாய் அது. பாடப்புத்தகம் வழியாக மட்டும் வந்த மொழியில் இவ்வளவு சாவதானமாகக் காதலைச் சொல்ல முடியாது.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நம் வீட்டிலிருந்தே வருவது. தமிழில் பாடாதவர்களைத் தமிழர் கலை வரலாற்றில் எப்படிச் சேர்ப்பது? அவர்களுடைய புகழ் முழுவதும் மலாய்ப் பாடல்களால் வந்ததாயிற்றே? இந்தக் கேள்விக்குப் பதில் தமிழ்ப் பாட்டிலேயே இருக்கிறது. அரை நூற்றாண்டு காலம் நாம் எந்தக் குரல்களைக் கேட்டுக் காதலித்தோம், அழுதோம், பிள்ளைகளைத் தூங்கவைத்தோம்? டி. எம். சௌந்தரராஜனின் வீட்டுமொழி சௌராஷ்டிரம். பி. சுசீலா, எஸ். ஜானகி, பி. பி. ஸ்ரீநிவாஸ், எஸ். பி. பாலசுப்ரமணியம் ஆகியோரின் தாய்மொழி தெலுங்கு. கே. ஜே. யேசுதாஸின் தாய்மொழி மலையாளம். இவர்களை அந்நியக் குரல்கள் என்று ஒருநாளும் தமிழர் நினைத்ததில்லை. தமிழ்ச் சொல்லை அவர்கள் உச்சரித்த விதத்தைத்தான் தமிழுக்கே இலக்கணமாக எடுத்துக்கொண்டோம். தாய்மொழி வேறாக இருந்தும் ஒரு மொழியின் காதல் பாட்டு ஒருவருக்குச் சொந்தமாக முடியும் என்பதை உலகில் நம்மைவிட நன்றாக அறிந்த சமூகம் அதிகம் இராது. மலாய்க்காரர்கள் ஆறுமுகம் சகோதரர்களை ஏற்றுக்கொண்டது, நாம் சுசீலாவை ஏற்றுக்கொண்டதன் மறுபக்கம். அதே சமயம், சுசீலாவைத் தெலுங்கர்கள் இழந்துவிடவில்லை. இன்றும் தங்கள் பெருமையாகவே கொண்டாடுகிறார்கள். நாம் மட்டும் ஏன் கொடுத்துவிட்டுக் கைகழுவ வேண்டும்?

இந்த ஒப்புமையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. என் வாதத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. திரைப்பாட்டில் குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. சௌந்தரராஜன் பாடும்போது திரையில் நின்றது எம்.ஜி.ஆரும் சிவாஜியும். குரலின் பிறப்பிடம் கேட்பவர் கண்ணில் படவே இல்லை. ஆறுமுகம் சகோதரர்களுக்கு அந்த மறைவு கிடையாது. தொலைக்காட்சியிலும் தட்டின் உறையிலும் மேடையிலும் அவர்களே நின்றார்கள். கறுத்த தமிழ் முகம், ஆளைவிடப் பெரிதாகச் சுருண்டு எழுந்த ஆஃப்ரோ முடி, தகப்பனின் ஆறுமுகம் என்ற பெயர். தண்ணீர்மலையில் தைப்பூசத்தன்று ஆயிரக்கணக்கானோர் கூவி அழைக்கும் தெய்வத்தின் பெயர் அது. அதை மாற்றிக்கொள்ளாமலே மலாய்க் காதல் பாட்டின் நாயகர்களாக அவர்களால் நிற்க முடிந்தது. குயீன் குழுவின் ஃபிரெடி மெர்குரியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1946இல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, பஞ்சகனியில் படித்த ஃபரோக் புல்சாரா அவர். ராக் இசையின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று. ஆனால் உலகம் அறிந்தது அவர் சூட்டிக்கொண்ட பெயரை மட்டுமே, தன் பிறப்பைப் பற்றி அவர் பொதுவெளியில் பேசியதும் மிகக் குறைவு. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை; எழுபதுகளின் லண்டன் அவரிடம் என்ன விலை கேட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். நம் ஊர்ச் சகோதரர்கள் அந்த விலையைக் கொடுக்கவில்லை என்பதுதான் நான் சுட்டிக்காட்ட விரும்புவது.

அந்த முடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை வெறும் அடையாள வேடிக்கையாகப் பேசிப் பழகிவிட்டோம். ஆஃப்ரோ முடி அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தன்மானத்தோடு வளர்த்துக்கொண்ட முடி. நேராக்கிக்கொள், அடக்கிக்கொள், மறைத்துக்கொள் என்று சொன்ன சமூகத்துக்கு அவர்கள் சொன்ன பதில் அது. அதே காலத்தில் தமிழ்த் திரையின் நாயகர்கள் ரோஜா நிறப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு நிறம் நகைச்சுவைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பத்திரிகை விளம்பரமும் கல்யாணப் பேச்சும் வெளுத்த தோலையே வேண்டின. பின்னர் மலேசியத் தமிழ்ப் பையன் ஒருவன் தொலைக்காட்சியைத் திறந்தபோது, தன்னைப் போலவே கறுத்த இருவர், பவுடர் இல்லாமல், சுருட்டை முடியைச் சுருட்டையாகவே விட்டு, நாடே ரசிக்கும் காதலர்களாகப் பாடுவதைப் பார்த்தான். அவனுக்குக் கிடைத்தது என்னவென்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் அப்போது தமிழ்த் திரை அதை அரிதாகவே கொடுத்தது என்று சொல்லலாம். முடி விஷயத்தில் இந்த நாடு எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு ஒரு சான்று: 1992இல், நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றத் தடை வந்தபோது, செர்ச், விங்ஸ் குழுக்களின் பாடகர்கள் தங்கள் முடியை வெட்டிக்கொள்ள நேர்ந்தது. அப்படிப்பட்ட சூழலில் ஒருவர் தன் தலையைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வது சின்ன விஷயம் என்று நான் எண்ணவில்லை.

இரண்டாவது மறுப்பு வரலாறு படித்தவர்களிடமிருந்து வருகிறது. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு நாடே மாறியது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாற்றப்பட்டன. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாடு, இந்நாட்டின் பண்பாடு எதை அடித்தளமாகக் கொள்ளவேண்டும் என்று வரையறுத்தது. அரசு வானொலியும் தொலைக்காட்சியும் அந்த வழியில் நடந்தன. ஆகவே இந்தத் தமிழர்கள் மலாயில் பாடியது நெருக்கடியால், அதில் பெருமைப்பட ஏதுமில்லை என்பது அவர்கள் வாதம். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். எந்த மொழியில் தட்டு போட்டால் விற்கும், எதை வானொலி ஒலிபரப்பும் என்பதெல்லாம் கொள்கையோடு பின்னிக்கிடந்தன. தமிழில் தட்டு போட விரும்பிய இசைக்குழுவுக்கு இங்கே சந்தையே இல்லை. தமிழ்க் காதுகளை முழுவதும் சென்னைத் திரையிசை நிரப்பியிருந்தது, 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தபின் இன்னும் அதிகமாக நிரப்பியது. ஆனால் கொள்கையின் கை எதுவரை நீளும் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். ஒரு பாட்டை வானொலியில் போடவைக்கக் கொள்கையால் முடியும். அந்தப் பாட்டை ஒரு மலாய்க் குடும்பம் தன் வீட்டுக் கல்யாணத்தில் விரும்பிப் பாடவைக்க அதனால் முடியாது. அதே ஆண்டுகளில், அதே கொள்கையின் கீழ், எத்தனையோ பேர் மலாயில் பாடினார்கள். பெரும்பாலோரை இன்று எவருக்கும் நினைவில்லை. நெருக்கடி ஒருவரை வாசல்வரை தள்ளிவிடலாம். அதற்குப் பிறகு நடந்தது அவர்களுடைய குரலின் வேலை.

இலங்கையைத் திரும்பிப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சிலோன் மனோகர் என்று நாம் அறிந்த ஏ. ஈ. மனோகரன், போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற, சிங்களவர் தமதாக்கிக்கொண்ட பைலா இசையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'சுராங்கனி' எழுபதுகளில் கடல் கடந்து தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகள்வரை போனது. அவர் அடுத்த வீட்டு இசையை நம் வீட்டுக்குள் அழைத்துவந்தார். நாம் அவரைப் பொப் சக்கரவர்த்தி என்று கொண்டாடினோம். ஆறுமுகம் சகோதரர்கள் எதிர்த்திசையில் போனார்கள், நம் குரலை அடுத்த வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். வருவதைக் கொண்டாடத் தெரிந்த நாம், போவதையும் கொண்டாடக் கற்றுக்கொள்ளலாம். கடல் கடந்து வந்து வாழும் ஒரு சமூகத்தின் கலை இரண்டு திசையிலும்தான் நடக்கும்.

மூன்றாவது மறுப்பு இசைக்காரர்களுடையது: பாட்டுகளை எழுதியதும் இசையமைத்ததும் பெரும்பாலும் வேறு ஆட்கள், இவர்கள் வெறும் பாடகர்கள்தானே? உண்மைதான், அவர்களுக்கு எழுதியவர்களில் எம். நாசிர் போன்ற பெரிய கலைஞர்கள் இருந்தார்கள். சிங்கப்பூரில் 1957இல் பிறந்து, கெம்பாரா குழுவை நடத்தி, பின்னர் மலாய் இசையின் திசையையே மாற்றியவர் அவர். ஆனால் இதை மறுப்பாகக் கொள்வதைவிடச் சான்றாகக் கொள்வதே பொருத்தம். தன் மொழியின் நுணுக்கமெல்லாம் அறிந்த ஒரு மலாய் இசையமைப்பாளர், தன் மெட்டைக் கொடுக்க இந்தத் தமிழ்க் குரல்களைத் தேர்ந்தெடுத்தார். சின்னம் தேவைப்பட்டு அல்ல, குரல் தேவைப்பட்டு. கண்ணதாசனும் விஸ்வநாதனும் எழுதி இசையமைத்ததால் சௌந்தரராஜன் சிறியவராகிவிடவில்லை. இது ராக் இசையே இல்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். உரத்த கிட்டாரைத் தேடுபவர்கள் அதே காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஸ்வீட் சாரிட்டியிடம் போகலாம், நன்றாகவே இருக்கும். அலிகேட்ஸ் நடந்துவந்த பாதை, அதாவது விடுதி, ஒலிபெருக்கி, இரவல் பாட்டு, இடம்பெயர்தல் ஆகிய அனைத்தும், உலகின் எல்லா ராக் குழுக்களும் நடந்த பாதைதான். அதற்குமேல் வகைப்பெயருக்காக நேரம் செலவிட நான் விரும்பவில்லை.

கடினமான மறுப்பு இனிமேல்தான். 'இதெல்லாம் இளமை ஏக்கம். வயதானவர்களுக்குத் தங்கள் பதினெட்டு வயதுப் பாட்டு எப்போதும் இனிக்கும்' என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ஏக்கம் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏக்கம் ஒரு பாட்டை உயர்த்திக்காட்டுவதோடு நிற்பதில்லை, கேட்கவிடாமலும் செய்கிறது. பழக்கத்தால் பாட்டு ஒலிக்கத் தொடங்கியதுமே நாம் நம் பழைய நாட்களுக்குள் போய்விடுகிறோம். இரண்டாவது வரியில் குரல் என்ன செய்கிறது என்று கவனிப்பதே இல்லை. அதனால்தான் இந்தப் பாடல்களை நினைவைக் கொஞ்சம் தள்ளிவைத்து, முதல்முறை போலக் கேட்கவேண்டும் என்கிறேன். அப்படிக் கேட்டால் குறைகளும் தெரியும். சில தட்டுகளில் சாவிப்பலகை ஒலி அந்தக் காலத்து நாகரிகத்தோடு சேர்ந்து பழசாகிவிட்டது. சில பாட்டுகள் ஒரே அச்சில் வார்த்த காதல் புலம்பல்கள், அவற்றை நான் தூக்கிப்பிடிக்கப் போவதில்லை. எஞ்சுவது அந்த இரண்டு குரல்கள். 'செனியும்லா கோலாலம்பூர்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகரத்தையே ஓர் ஆளாக எண்ணி, புன்னகை செய் என்று கேட்கும் பாட்டு. 1974இல்தான் கூட்டரசுப் பிரதேசமான நகரம். அதை இவ்வளவு உரிமையோடு, இவ்வளவு மகிழ்ச்சியோடு பேர்சொல்லி அழைத்தவர்கள் பினாங்குத் தமிழர்கள். அந்த மகிழ்ச்சியில் ஒரு சொட்டு நடிப்பும் இல்லை. கொடிநாள் பாடல்கள் எத்தனையோ அதற்குப் பிறகு வந்துவிட்டன. இந்தப் பாட்டின் இயல்பு அவற்றில் மிகச் சிலவற்றுக்கே வாய்த்தது. தட்டு போய், கேசட் போய், குறுந்தட்டும் போய்விட்டது. அவர்களுடைய தட்டுகளை வெளியிட்ட பாலிகிராம் நிறுவனமே 1998இல் வேறொன்றோடு கலந்து பெயரிழந்தது. பாட்டு நிற்கிறது, அந்தத் தட்டுகள் வந்தபோது பிறந்தேயிராதவர்கள் இன்று கரோக்கேயில் பாடுகிறார்கள். அவர்களுக்கு ஏங்குவதற்கு அந்த இளமை இருந்ததே இல்லை.

இன்னொரு கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். இவர்கள் போன வழியால் தமிழ்ப் பாட்டுக்கு என்ன கிடைத்தது? நேரடியாகப் பெரிதாக எதுவும் இல்லை என்றே சொல்வேன். மலேசியத் தமிழர் தங்கள் சொந்தத் தமிழில், தங்கள் தெருவைப் பற்றிப் பாட வெகுகாலம் பிடித்தது. போயட்டிக் அம்மோ குழு தொண்ணூறுகளின் இறுதியில் பல மொழிகளைக் கலந்து ராப் செய்தது. அதிலிருந்து வந்த யோகி பி, நட்சத்ராவோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழ்நாட்டையும் திரும்பிப் பார்க்கவைத்தது. சந்தை அப்போதுதான் திறந்தது. எழுபதுகளிலேயே திறந்திருந்தால் அந்த இரண்டு குரல்களும் தமிழில் என்ன செய்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் வலிக்கத்தான் செய்கிறது. அந்த இழப்புக்கான பொறுப்பைப் பாடகர்கள் தலையில் சுமத்துவது நியாயமில்லை. நம் சங்கங்களும் வானொலி நேயர்களும் சென்னையிலிருந்து வருவதை மட்டுமே பாட்டு என்று ஏற்றுக்கொண்டோம். உள்ளூரில் கிட்டார் எடுத்த பிள்ளைகளை உருப்படாதவர்கள் என்றோம். அவர்களுக்குத் தமிழில் ஒரு மேடை போட்டுக்கொடுக்காமல், மலாயில் மேடை கிடைத்தபோது ஏன் போனாய் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பினாங்கின் இசை வரலாற்றைத் தேடித் தொகுத்தவர்கள் இந்த ஊரில் உண்டு. பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் 1930கள் முதல் 1960கள் வரையிலான பினாங்குப் பாட்டுலகைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார்கள். கொம்தார் கட்டடத்தில் பினாங்கு இசை இல்லம் என்ற அருங்காட்சியகமும் உருவானது. தமிழில் அப்படி ஒரு நூல் வேண்டும். ஆறுமுகம் சகோதரர்கள் அதில் ஓர் அத்தியாயமாக இருப்பார்கள். மற்ற அத்தியாயங்களுக்கு, விடுதிகளிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் படைமுகாம்களிலும் வாசித்த தமிழ் டிரம்மர்கள், பாஸ் கிட்டார்காரர்கள், டிரம்பெட் ஊதியவர்கள் ஆகியோரைத் தேடிப் போகவேண்டும். அலிகேட்ஸ் மேடையில் சகோதரர்களுக்குப் பின்னால் நின்று வாசித்த எல்லா இனத்தாரையும் சேர்த்தே எழுதவேண்டும், பாட்டு அவர்களுடையதும்தான். அறுபதுகளில் மேடையேறியவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். இந்த அவையில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கக்கூடும். பழைய நிழற்படங்களின் பின்பக்கத்தில் யார், எந்த விடுதி, எந்த ஆண்டு என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். ஒப்பந்தத் தாள்களையும் மேடை நிகழ்ச்சி அட்டைகளையும் பழைய தாளுக்குப் போட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் ஒரு மணி நேரம் அவர்கள் குரலைப் பதிவுசெய்தால்கூட நூல் எழுதுபவருக்கு அது போதுமான தொடக்கம்.